இன்னும் கொஞ்சம் ஆழத்தில் தங்கம்

என் சகலையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "நல்லதா நாலு வார்த்தை எழுதுவீங்களா?" என்று கேட்டாள். நாலு எழுதுவேன். மிச்சத்துக்கு நான் பொறுப்பில்லை.

அவள் தங்கையைக் கட்டியவர் அவர். போர்வெல் போடுகிற தொழில். சொந்தமாக ஒரு ரிக் வண்டி, அதன் பின்னால் உறுமிக்கொண்டே வரும் கம்ப்ரசர், எந்நேரமும் கல் தூள் படிந்த புருவம். எங்கள் தெருவில் அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'இன்னுங்கொஞ்சம்'தான்.

பெயர் வந்த கதை சின்னது. போர்வெல் தொழிலில் கூலி அடிக் கணக்கு. முந்நூறு அடி போயும் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போய் நிற்பார். சகலை குனிவார். குழியிலிருந்து பறந்து விழுந்த கல் தூளைக் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்சம் போலாம்" என்பார். நானூறு அடியிலும் அதே தேய்ப்பு, அதே மோப்பம், அதே வசனம். சில குழிகளில் தண்ணீர் வரும். எல்லாக் குழியிலும் கூலி வரும்.

"மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க சகல, அந்தத் தூள மோந்தா நெசமாவே எதாவது தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கொஞ்சம் தெரியும். ஆனா ஒண்ணு சகல, பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அடிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குற ஆளுக்கு, இன்னும் கொஞ்சம் போலாம்னு மனசார தோணும்."

இப்படி உண்மையைப் பளிச்சென்று சொல்லிவிடுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்குச் சண்டை போடப் பிடிக்கும். அதனால்தான் எரிச்சல்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு நகல் இயந்திரம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மூன்று கடை தள்ளி என் கொழுந்தியின், அதாவது சகலை மனைவியின், தையல் கடை. பன்னிரண்டுக்கு ஏழு அடி அறை. இரண்டு மெஷின், துணி வெட்டுகிற மேசை, தலையில்லாத ஒரு பொம்மை, ஓரம் ரசம் போன ஆளுயரக் கண்ணாடி. பதினாறு வருடமாக அதே அறைக்கு வாடகை கொடுத்துத் தைக்கிறாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருப்பதால் இறங்குகிறவர்கள் நேராக அவள் கடைக்குத்தான் வருவார்கள். அந்த இடம் போனால் அந்தக் கூட்டமும் போய்விடும்.

கட்டடத்தின் சொந்தக்காரர் மேலேயே குடியிருக்கும் மாடி வீட்டம்மா. அவர் போன வருடத் தொடக்கத்தில் கொழுந்தியைக் கூப்பிட்டுச் சொன்னார். "கீழ இருக்குற ரூமை விக்கப்போறேன். செல்போன் கடைக்காரன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான். நீ பதினாறு வருஷம் ஒழுங்கா இருந்தவ. வருஷக் கடைசி வரைக்கும் உனக்குத்தான் முதல் உரிமை. பன்னெண்டு லட்சம். ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

குறைக்க மாட்டார் என்பதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடம் முன்பு அந்தக் கட்டடத்தின் பின்புறத்தில் சகலை ஒரு போர்வெல் போட்டார். எழுநூற்று அறுபது அடி. தூள் வந்தது, தூள் மட்டுமே வந்தது. குழியின் வாயில் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார் மாடி வீட்டம்மா. கொழுந்தியிடம் வாடகை வாங்கும்போதெல்லாம், "உன் வீட்டுக்காரர், அந்த எழுநூத்தறுபது அடி, எப்படி இருக்காரு?" என்று நலம் விசாரிப்பார்.

நல்லவேளையாகக் கொழுந்தியிடம் பணம் இருந்தது. அவளும் சகலையும் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேர்த்தது, சரியாகப் பன்னிரண்டு. பத்திர வேலை முடிய வருடக் கடைசி ஆகும் என்றார்கள். அதுவரை பணத்தைச் சும்மா வைக்க வேண்டாம், பத்திரமாக எங்காவது போடுங்கள் என்று அவள் சகலையிடம் ஒப்படைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அந்த வாரம் சகலை போர்வெல் போடப் போன வீட்டுக்காரர், பாறை ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிக் ஓடுகிற சத்தத்திலும் அந்த மனிதர் வாய் ஓயவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் சகலை வந்து நின்றார்.

"சகல, உலகத்துல இப்படியும் ஒரு தொழில் இருக்கு, நமக்குத் தெரியாமப் போச்சே! துளை போடுறாங்க. தங்கம் இருக்கு. சரின்னு எழுதி வச்சுக்கிட்டு, பக்கத்துல அடுத்த துளை போடுறாங்க."

"தங்கத்த எப்ப எடுப்பாங்க?"

"எடுக்க மாட்டாங்க."

"என்னது?"

"எடுக்கணும்னா ரோடு போடணும், கரண்டு இழுக்கணும், ஆலை கட்டணும், அனுமதி வாங்கணும். பத்துப் பதினஞ்சு வருஷம். இவங்க குட்டிக் கம்பெனி, அதுக்கெல்லாம் வசதி ஏது? மண்ணுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு காட்டுவாங்க, அவ்வளவுதான் வேலை. வெளிய தங்கம் வெல ஏற ஏற, உள்ள கெடக்குறதுக்கும் மதிப்பு ஏறும். ஒருநாள் பெரிய கம்பெனி வந்து மொத்தமா வாங்கிக்கும். பங்கு வச்சிருக்குறவனுக்கு ஒண்ணுக்கு அஞ்சு."

"வாங்கலன்னா?"

"காலங்காத்தால நல்ல வாய் வையுங்க சகல."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்கத் துளை போட்டவருக்கு, துளை போடுவதையே முழுத்தொழிலாக வைத்துக்கொண்ட ஒரு கம்பெனி கிடைத்தால் எப்படி இருக்கும்? சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டார். பத்தே நாளில் அப்படி ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினார். பன்னிரண்டையும் போட்டு வாங்கினார்.

கொழுந்தி கேட்டாள். "பணத்தப் பத்திரமாப் போட்டாச்சா?"

"டெபாசிட்ல போட்டிருக்கேன்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. மண்ணுக்குள் கிடக்கும் தங்கத்தை அந்தக் கம்பெனிக் காகிதங்களில் டெபாசிட் என்றுதான் சொல்கிறார்கள். நானே அச்சடித்துக் கொடுத்தேன், ஒரே பக்கத்தில் பதினோரு முறை இருந்தது. அவள் பாங்கு டெபாசிட் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும் என்று இவர் விட்டுவிட்டார். "பொய் சொல்லல சகல, அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா" என்று என்னிடம் வந்து பல்லைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு நேரே மூன்று கடை தள்ளிப் போய்ப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பிறகும் கொடுக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாலு மாதம் பங்கு ஏறியது. ஏறியது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. பன்னிரண்டு போட்டது இருபதைத் தொட்டது. மனிதரோடு பேச முடியவில்லை. தினம் காலை ஏழரைக்கு என் கடையில் ஆஜர். கம்பெனி இணையத்தில் போடும் அறிக்கையை நான் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், அதை அவர் சத்தமாகப் படிக்க வேண்டும், நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாம் கேட்க வேண்டும்.

"துளை எண் முப்பத்தொண்ணு. இருநூத்திப் பத்தாவது மீட்டர்லேர்ந்து ஆறு மீட்டருக்கு, டன்னுக்கு நாலு கிராம்! கேட்டீங்களா?"

"ஒரு டன் கல்ல ஒடைச்சா ஒரு மோதிரம். அதுவும் சின்ன விரலுக்கு" என்றேன்.

"வயித்தெரிச்சல் பிடிச்ச ஆளு சகல நீங்க."

கம்பெனி போட்ட புகைப்படங்களை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு குறை சொல்வார். "ராடை எப்படி அடுக்கியிருக்கான் பாருங்க, அறிவிருக்கா? கம்ப்ரசரக் காத்துக்கு எதிர்ல நிறுத்தியிருக்கான். நான் மட்டும் அங்க இருந்தேன்னா..." அடிக்குக் கூலி வாங்கும் குழிகளில்கூட இப்போது அவர் கவனம் இல்லை. ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர்களிடம் தங்கத்தைப் பற்றிப் பேசினார். ஒரு அம்மா தன் குழியில் தங்கம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு வாசல் கதவைப் பூட்டிவிட்டாராம்.

எட்டாவது மாதத்தில் வேடிக்கை ஆரம்பித்தது. நகைக்கடையில் தங்கம் விலை கிடுகிடுவென்று ஏறியது. கம்மல் மாற்றப் போன என் மனைவி விலையைக் கேட்டுவிட்டு, பழைய கம்மலையே மறுபடி மாட்டிக்கொண்டு வந்தாள். சகலையின் பங்கு மட்டும் இறங்கியது. இருபது பதினாறானது, பதினாறு பதின்மூன்றானது.

"ஊர்ல இருக்குற தங்கமெல்லாம் ஏறுது, உங்க தங்கத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றேன்.

பதில் என் பிரிண்டரிலிருந்து சூடாக வந்துகொண்டிருந்தது. கூடுதல் துளைகள் போட்டு ஆக வேண்டுமாம். அந்தச் செலவுக்குப் புதிதாக மூன்று கோடிப் பங்குகள் வெளியிடுகிறார்களாம். கம்பெனிக்கு வருமானம் என்று ஒரு காசு கிடையாது, தங்கத்தை எடுத்தால்தானே வரும்? ஆகவே துளை போடப் பங்கு விற்பார்கள், அந்தத் துளையைக் காட்டி இன்னும் பங்கு விற்பார்கள். நாலு பேர் போர்த்திய போர்வைக்குள் இன்னும் நாலு பேரைப் படுக்க வைத்த கதை. கால் வெளியே தெரியத்தானே செய்யும்?

"போன மார்ச்லயும் இதேதான் செஞ்சாங்க சகல" என்று பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன்.

"அது வேற துளை" என்றார்.

வருடக் கடைசிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாடி வீட்டம்மா ஞாபகப்படுத்தினார். கொழுந்தி மறுநாளே கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு, சகலையிடம்கூடச் சொல்லாமல் பாங்குக்குப் போனாள். டெபாசிட்டை முடித்துப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தாளாம். பாவம். கவுண்டரில் இருந்தவர் நாலு முறை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்லயும் இல்ல, அவர் பேர்லயும் இல்ல. இங்க உங்களுக்கு டெபாசிட்டே கிடையாதும்மா" என்றிருக்கிறார். அவள் சண்டை போட்டிருக்கிறாள். பாங்குக்காரர்கள் பணத்தை அமுக்கிவிட்டார்கள் என்று சத்தம் போட்டு, மேனேஜர் எழுந்து வந்து, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

அன்று மதியம் தையல் கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். சகலை ஏற்கெனவே உள்ளே இருந்தார், தலையில்லாத பொம்மைக்குப் பின்னால். கொழுந்தி கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எந்த டெபாசிட்டு?" என்றாள்.

"தங்க டெபாசிட்டு."

"எங்க இருக்கு?"

"மண்ணுக்குள்ள."

"எவ்வளவு ஆழத்துல?"

"இருநூறு, இருநூத்தம்பது மீட்டர்."

"யாரு எடுக்குறா?"

சகலை என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"யாரும் எடுக்கல" என்றார்.

"என் பதினாறு வருஷத்தக் கொண்டுபோய் யாரும் எடுக்காத எடத்துல பொதைச்சுட்டு வந்திருக்கீங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஓரம் மடிச்சு, பட்டன் வச்சு, பழைய துணிய இடுப்புல பிரிச்சு விட்டு, முதுகு ஒடிஞ்சு சேர்த்தேங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எனக்கும் தாங்கவில்லை, அவளைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவன் நான். பங்கின் மதிப்பு அன்று பத்துக்குக் கொஞ்சம் மேல். விற்றாலும் அறைக்குப் பற்றாது. விற்காவிட்டால் என்ன ஆகுமோ தெரியாது.

"நாளன்னைக்குக் கம்பெனி மீட்டிங் இருக்கு. கம்ப்யூட்டர்லயே பாக்கலாம். பெரிய செய்தி சொல்லப்போறாங்கன்னு பேச்சு. அதக் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம். இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? முழுசாச் சொல்லுங்க" என்றாள் அவள்.

மீட்டிங் அன்று பகல் மூன்று மணிக்கு என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். என் மனைவி வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். கொழுந்தி யாருடையதோ ஒரு சட்டையைக் கொண்டு வந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். திரையில் கம்பெனித் தலைவர் வந்தார். நீலக் கோட்டு, மேசைமேல் ஒரு புது ஹெல்மெட். தலையில் ஒருநாளும் வைத்திராத ஹெல்மெட் என்று சகலை உடனே சொன்னார்.

தலைவர் அரை மணி நேரம் வரைபடம் காட்டினார். பிறகு ஒரு சின்னப் பையைத் திறந்தார். அதிலிருந்து கல் தூளைக் கொஞ்சம் எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

கொழுந்தியின் ஊசி நின்றது.

தலைவர் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். "இந்தத் தங்கம் ஆழத்துல இன்னும் முடியல. அது எங்களுக்கு நல்லாத் தெரியுது. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போனா..."

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் தோள் குலுங்கியது. நாங்கள் மூன்று பேரும் திரையை விட்டுவிட்டுச் சகலையைப் பார்த்தோம். மனிதர் முகம், எழுநூற்று அறுபதாவது அடியில் நின்ற மாடி வீட்டம்மாவின் முகம் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"மோந்து பாக்க மறந்துட்டான்" என்றார் மெல்ல. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சகல, கேள்வி கேக்கலாம்ல? ஒரு கேள்வி அடிங்க. ரிக் யாரோடது? கூலி மீட்டர் கணக்கா?"

அடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. வெளியாளுங்கள நாங்க நம்புறதில்ல. என் மச்சினரோட நிறுவனம்தான் துளை போடுது. வழக்கமான மீட்டர் கணக்குதான்."

சகலை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "போச்சு. இந்தக் குழி முடியவே முடியாது."

"ஏன்? தங்கம் இல்லையா?" என்றேன்.

"தங்கம் இருக்கும் சகல, அது பொய்யில்ல. ஆனா இவனுக்கு அது தேவையே இல்ல. நான் இருபத்தாறு வருஷமா இன்னும் கொஞ்சம்னு சொல்றேன். ஆனா எதிர்ல வீட்டுக்காரன்னு ஒருத்தன் நிப்பான், வயிறெரிஞ்சு ஒரு கட்டத்துல போதும்பான். நிறுத்திடுவேன். இங்க போலாம்னு சொல்றவனும் ரிக்குக்காரனும் ஒரே குடும்பம். போதும்னு சொல்ல வீட்டுக்காரனே இல்லையே!"

"இருக்காங்க" என்றாள் கொழுந்தி. சட்டையை மடியில் வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "காசு போட்டது நாமதானே? நாமதான் வீட்டுக்காரங்க. போதும்னு சொல்லுங்க."

மறுநாள் சந்தை திறந்ததும் விற்றார். கைக்கு வந்தது ஒன்பதே முக்கால்.

இரண்டே கால் குறைந்தது. கேட்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. கொழுந்தி முன்னால் போக, சகலை பின்னால் போக, நியாயம் பேச என்னையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினார்கள். மாடி வீட்டம்மா ஊஞ்சலில் இருப்பது போல நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். மச்சினன் ரிக் என்ற இடம் வந்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆக, நம்ம எழுநூத்தறுபது அடிக்கே ஒருத்தன் குழி வெட்டிட்டான்!" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு கொழுந்தியிடம் திரும்பினார். "ஒன்பதே முக்கால் வாங்கிக்கறேன். மிச்சத்துக்கு இவர் எனக்குப் பின்னாடி ஒரு போர்வெல் போட்டுத் தரணும். பைப்பும் மோட்டாரும் இவர் செலவு. அடிக் கணக்கெல்லாம் கெடையாது. தண்ணி வந்தாத்தான் பத்திரம்."

சகலை மறுக்க வாயைத் திறந்தார். அந்தக் கல்லின் குணம் அவருக்குத் தெரியாதா? ஆனால் கொழுந்தி முந்திக்கொண்டாள். "சரிங்கம்மா. போடுவாரு."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சகலை இடம் பார்க்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பாறை ஆபீஸ்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, கவிழ்த்த பூந்தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தச் சரிவில் என்று மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு ரிக் உறுமியது.

மற்ற இடங்களில் ராடு இறங்க இறங்க அவர் கைகட்டி உலாத்துவார், டீ குடிப்பார், கதை பேசுவார். அன்று பத்தடிக்கு ஒருமுறை குழியருகே ஓடினார். ஒவ்வொரு அடியும் அவர் டீசல். நூறு அடி, தூள். இருநூறு, தூள். முந்நூறில் வெள்ளைத் தூள் ரிக்கையும் எங்களையும் மூடியது. கொழுந்தி கழுத்தில் அளவு நாடாவோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். சகலை தூளை எடுத்துத் தேய்த்தார். மோந்தார். கண்ணை மூடினார். அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

சத்தம் மேலேயிருந்து வந்தது. மாடி வீட்டம்மா கம்பிமேல் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க யோசிக்கிறீங்க? இன்னும் கொஞ்சம் போலாமே!"

கம்ப்ரசர் ஓட்டுகிற ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். நானூறு அடியில் மறுபடி, "இன்னும் கொஞ்சம்!" நானூற்று இருபதில் மறுபடி. பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்த வசனம், அந்த அம்மா ஒவ்வொன்றாகச் செலவழித்தார். சகலை குனிந்த தலை நிமிரவில்லை. வாங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து முதல் தடவையாக எனக்குப் பாவமாக இருந்தது, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நாலு நல்ல வார்த்தையில் சேர்த்துக்கொள்ளலாம்.

நானூற்று நாற்பதில் தூளின் நிறம் மாறியது. அடுத்த ராடில் ஈரம். அதற்கடுத்து, குழியிலிருந்து சேறும் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு எழுந்து சகலையைத் தலையோடு கால் நனைத்தது. கொழுந்தி படியிலிருந்து எழுந்து ஓடிவந்து, அந்தச் சேற்றிலேயே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நல்லா வருதே! இன்னும் கொஞ்சம் போனா இன்னும் நிறைய வருமோ?" என்று மேலேயிருந்து குரல்.

சகலை முகத்தை வழித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "போதும்மா" என்றார். "இதுக்கு மேல வேணாம். போதும்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. பத்திரம் கொழுந்தி பெயரில் பதிவானது. தையல் கடைக்கு இப்போது புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. சகலை இன்னமும் அடிக் கணக்கில்தான் கூலி வாங்குகிறார், ஆனால் ஆரம்பிக்கும் முன்பே எத்தனையாவது அடியில் நிறுத்த வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார். அதை நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருவார்.

போன வாரம் அப்படி வந்தவர் பிரிண்டர் தட்டில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அதே கம்பெனி. துளை எண் ஐம்பத்தெட்டு. என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு சகல?" என்றார் குரலைத் தணித்து.

"ரெண்டு லட்சம். நீங்க காலங்காத்தால வந்து படிச்சுப் படிச்சு... ஏறுறப்போ வாங்கினேன்."

"அன்னைக்கு நாங்க வித்தப்பவே வித்திருக்கலாம்ல?"

"வித்தா நானும் ஏமாந்தேன்னு உங்க எதிர்ல ஒத்துக்கணுமே!"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"டெபாசிட்னு தெரியும்."

அவர் சிரித்த சிரிப்பில் நகல் இயந்திரத்தின் மூடி கீழே விழுந்தது. மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்து, அப்புறம் நிஜமான அக்கறையோடு என் தோளில் கை வைத்தார். "வித்துடுங்க சகல. இப்ப என்ன, பாதி தேறுமா? தேறுறது தேறட்டும்."

"வித்துடலாம்" என்றேன். "இன்னும் கொஞ்சம் பாத்துட்டு..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். சகலை நேரே தையல் கடைக்குப் போனார். அங்கேயிருந்து கொழுந்தியின் சிரிப்பு என் கடை வரைக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து தெருவில் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் மனைவி இதைப் படித்துக்கொண்டே வந்து இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவாள். கடைக்கு வந்து பயனில்லை, ஷட்டர் இறக்கியாயிற்று. சகலையின் ரிக் வண்டியில் வெளியூர்க் குழி ஒன்றுக்குக் கிளம்பிவிட்டேன். எத்தனை அடியில் நிறுத்துவது என்று எழுதி வாங்கியிருக்கிறாராம். எனக்காக மட்டும் இன்னும் கொஞ்சம் போகச் சொல்லியிருக்கிறேன்.